விண்வெளியில் ஒரு சஞ்சயன்

'எல்லை தாண்டி வந்த இசை' – வரலாற்றுத் தொடர் – 9

பெங்களூர் பேலஸ் மைதானத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போன வெளிநாட்டு ராக் குழுக்களைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 2002-ல் ரோஜர் வாட்டர்ஸ், 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா. ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் நடந்த கச்சேரிகள் இவை. அந்த மேடைகளில் ஒலித்த இசையின் பின்னால் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. மூன்று நிமிடப் பாட்டாகப் பிறந்த ராக், நாற்பது நிமிடக் கதையாக எப்போது நீண்டது? விண்கலமும் வேற்றுக்கோள் மனிதரும் அதற்குள் எப்படி நுழைந்தார்கள்?

பதில் தேடி 1971-க்குப் போவோம்.

அந்த ஆண்டில் ஓசூர், தர்மபுரி மாவட்டத்தின் எல்லையோரத்தில் இருந்த ஒரு சிறிய ஊர். சிப்காட் நிறுவனம் 1971-ல்தான் தொடங்கப்பட்டது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் டி.வி.எஸ். 50 மொபெட்டும் 1980-ல் வந்தன. டைட்டன் கைக்கடிகாரம் 1987-ல் வெளிவந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஜூஜுவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி தினமும் வேலைக்குப் போய்வரும் வாழ்க்கை அப்போது இன்னும் ஊன்றவில்லை.

அதே 1971-ல் ஜெர்மனியின் கொலோன் நகருக்கு அருகே ஸ்டோமெல்ன் என்ற சிற்றூரில், டீட்டர் டிர்க்ஸ் என்பவரின் ஒலிப்பதிவுக்கூடத்தில், நெக்டர் என்ற குழு தன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது. 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி ஐ' என்பது அதன் பெயர். பீட்டர் ஹௌகே தயாரித்தார். பெல்லாஃபோன் நிறுவனத்தின் பாசிலஸ் முத்திரையில் வெளிவந்தது. சனிக்கோளுக்குக் கிளம்பிய ஒரு விண்வெளி வீரனின் கதையை, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே இசையோட்டமாகச் சொன்ன தட்டு அது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தத் தட்டைப் பற்றியதுதான். அதற்குக் காரணம் உண்டு. எல்லை தாண்டிப் பிழைக்கப் போனவர்கள், இன்னோர் எல்லையின் அருகே வாழ்ந்துகொண்டு செய்த இசை அது. அதை ஓசூர் வாசகர்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

ஹாம்பர்க்குக்குப் போனவர்கள்

நெக்டர் 1969-ல் ஹாம்பர்க் நகரில் உருவான குழு. ஆனால் அதில் இருந்தவர்கள் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். 1960-களில் ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய ரீப்பர்பான் பகுதியின் இரவு விடுதிகள், பிரிட்டிஷ் இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்தி மணிக்கணக்கில் வாசிக்க வைத்தன. 1960-ல் பீட்டில்ஸ் போய்ப் பழகியதும் அந்தத் தெருக்களில்தான். ஒரு நாளைக்கு ஒரு கச்சேரி என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. இரவு நெடுக வாசிக்க வேண்டும், மறுநாளும் அதே இடத்தில் நிற்க வேண்டும். கை தேறாதவர் ஊர் திரும்பிவிடுவார். தேறியவர் எந்தப் பாட்டையும் எவ்வளவு நேரத்துக்கும் நீட்டி வாசிக்கப் பழகிவிடுவார். பிற்காலத்து நீண்ட ராக் பாட்டுகளுக்கான உடல் வலு, பெருமளவு இந்த மாதிரி இரவு வேலையில் சேர்ந்தது.

கிதார் வாசித்துப் பாடியவர் ராய் ஆல்பிரைட்டன். ஆர்கன், பியானோ, மெல்லோட்ரான் ஆகியவை ஆலன் ஃப்ரீமனின் பொறுப்பு. பேஸ் கிதார் டெரக் மூர், டிரம்ஸ் ரான் ஹௌடன். இவர்களோடு மிக் பிராக்கெட், கீத் வால்டர்ஸ் என்று இன்னும் இருவர். இந்த இருவரும் எந்த வாத்தியமும் வாசிக்கவில்லை. மேடையில் ஒளியமைப்பது அவர்கள் வேலை. இருந்தாலும் குழுவின் உறுப்பினர்களாகவே அவர்கள் பெயரும் இடம்பெற்றது. கச்சேரிக்கு விளக்குப் போடுபவரைக் கூலியாளாக வைத்துக்கொள்வது உலக வழக்கம். நெக்டர் அவரைப் படைப்பாளியாக வைத்துக்கொண்டது.

அந்தக் காலத்து ஒளிக்கலைஞரின் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மேசைமேல் கிடத்திய புரொஜெக்டர். அதன்மேல் குழிவான கண்ணாடித் தட்டு. தட்டில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், இரண்டு மூன்று சாயச் சொட்டுகள். மேலே இன்னொரு கண்ணாடித் தட்டை வைத்து லேசாக அழுத்தினால் எண்ணெய்க் குமிழிகள் நகர்ந்து, உடைந்து, மறுபடி சேரும். பின்னால் இருக்கும் திரையில் அது நட்சத்திர மண்டலம் ஒன்று பிறந்து அழிவதாகத் தெரியும். டிரம்ஸின் வேகம் கூடும்போது தட்டின்மேல் கையின் அழுத்தமும் கூடும். கம்ப்யூட்டர் எதுவும் இல்லை, முன்கூட்டிப் பதிவு செய்த காட்சியும் இல்லை. இசையைக் காதால் கேட்டுக் கையால் வரையும் நேரடி ஓவியம் அது. சைகடெலிக் ராக் என்று சொல்லப்படும் இசையின் பாதி அனுபவம் இந்தக் கண்ணாடித் தட்டில்தான் இருந்தது. கண்ணை மையமாகக் கொண்ட ஒரு கதையை இந்தக் குழு முதல் தட்டுக்குத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

நிலவுக்குப் பிறகு

1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கினான். அதற்குச் சற்று முன்பிருந்தே ராக் இசை வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கியிருந்தது. பிங்க் ஃபிளாய்ட் 1967-ல் தங்கள் முதல் தட்டிலேயே விண்வெளியைப் பாடினார்கள். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைக்கு வந்தது. 1969-ல் டேவிட் போவி, தரையோடு தொடர்பறுந்து மிதக்கும் ஒரு விண்வெளி வீரனைப் பாட்டாக்கினார்.

ஆனால் இவை தனித்தனிப் பாட்டுகள். ஒரு தட்டு முழுவதையும் ஒரே அறிவியல் புனைகதைக்குக் கொடுப்பது அடுத்த படி. 1970-ல் இரண்டு பேர் அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் பால் கான்ட்னர், விண்கலம் ஒன்றைக் கைப்பற்றிக்கொண்டு பூமியை விட்டுப் போகும் இளைஞர்களின் கதையைத் தட்டாக வெளியிட்டார். அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதின் பரிந்துரைப் பட்டியலில் அந்த இசைத்தட்டும் இடம்பிடித்தது. பிரான்சில் கிறிஸ்டியான் வாந்தேரின் மாக்மா குழு, சீரழிந்த பூமியை விட்டு வெளியேறி கொபாயா என்ற கோளில் குடியேறும் மனிதர்களைத் தன் முதல் தட்டிலேயே பாடியது. அதற்காகவே ஒரு புது மொழியையும் வாந்தேர் உருவாக்கினார்.

ஜெர்மனியிலும் அந்தக் காற்று வீசியது. டேஞ்சரின் டிரீம் குழுவின் 'ஆல்ஃபா சென்டாரி' 1971-ன் தொடக்கத்தில் இதே டிர்க்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் பதிவானது. நெக்டர் உள்ளே நுழைந்தபோது அந்த அறைக்கு விண்வெளி பழகிப்போயிருந்தது.

இவர்களிடமிருந்து நெக்டர் எங்கே வேறுபடுகிறது? கான்ட்னரின் மனிதர்களும் மாக்மாவின் மனிதர்களும் பூமியைக் கைவிட்டுப் போகிறவர்கள். அங்கே விண்வெளி என்பது விடுதலை. நெக்டரின் வீரனோ பூமி அனுப்பிவைத்த ஆள், திரும்பி வர வேண்டியவன். அவனால் திரும்ப முடியாமல் போகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் அந்தக் கதைக்குத் துயரத்தைக் கொடுக்கிறது.

வேலி தெரியும் தூரம்

இந்தத் துயரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்க்க, வரைபடம் ஒன்று போதும். ஹாம்பர்க்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் போனால், அன்று ஜெர்மனியை இரண்டாக வெட்டிய எல்லை வந்துவிடும். முள்வேலி, கண்காணிப்புக் கோபுரம், கண்ணிவெடி எல்லாம் கொண்ட எல்லை. அந்தப் பக்கம் சோவியத் படைகள், இந்தப் பக்கம் அமெரிக்கப் படைகளும் நேட்டோ நாடுகளின் படைகளும். மேற்கு ஐரோப்பாவில் அமெரிக்கா வைத்திருந்த அணு ஆயுதங்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் பெரும்பகுதி மேற்கு ஜெர்மனி மண்ணில் இருந்தது. மூன்றாம் உலகப்போர் மூண்டால் முதலில் சாம்பலாகும் இடம் எது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்றைய மேற்கு ஜெர்மன் சான்சலர் வில்லி பிராண்ட், கிழக்கோடு சமாதானம் பேசியதற்காக 1971-ல்தான் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அந்தப் பரிசே அச்சத்தின் அளவைச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. ராய் ஆல்பிரைட்டன் 1949-ல் பிறந்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில். கோவென்ட்ரி கார் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன ஊர். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்தத் தொழில் நகரைக் குறிவைத்துக் குண்டுமழை பொழிந்தன. பழமையான தேவாலயம் கூரையிழந்து வெறும் சுவராக நின்றது. அந்தச் சுவரை இன்றும் இடிக்காமல் நினைவாக வைத்திருக்கிறார்கள். போர் முடிந்து நான்கு ஆண்டு கழித்து அங்கே பிறந்த பிள்ளை, இருபது வயதில் அதே ஜெர்மனிக்கு வேலைக்குப் போய், ஜெர்மானியர்களுக்காகப் பாடி, அவர்கள் மண்ணில் குழு அமைக்கிறது. எரியும் பூமியைப் பற்றிய கதை அந்தக் கையிலிருந்து வருகிறது. வாகனத் தொழிலால் வளர்ந்த ஊரில் வாழும் நமக்கு இந்த வரலாறு தொலைவில் இல்லை. ஒரு போரில் எதிரி முதலில் தேடும் இடம் ஆலை இருக்கும் ஊர்.

கண்ணின் கதை

கதைக்கு வருவோம். விண்வெளி வீரன் ஒருவன் சனிக்கோளை நோக்கிப் போகிறான். 1971-ல் இது முழுக் கற்பனை. மனிதன் அனுப்பிய எந்தக் கலமும் அதுவரை சனியை நெருங்கியதில்லை. முதலில் நெருங்கிய பயனியர் 11 அங்கே போய்ச் சேர்ந்தது 1979-ல்தான். வழியில் வேற்றுலகத்தார் அவனைச் சந்திக்கிறார்கள். தங்கள் நட்சத்திர மண்டலத்துக்கு அவனை அழைத்துப் போகிறார்கள். மனித அறிவுக்கு எட்டாத ஞானம் அவனுக்குக் கிடைக்கிறது. பார்க்கும் திறன் விரிகிறது. அந்தப் புதிய பார்வையோடு அவன் திரும்பிப் பார்க்கும்போது தெரிவது, அணுப் போரில் தன்னையே அழித்துக்கொள்ளும் பூமி.

பதின்மூன்று பகுதிகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். மெல்லக் கிளம்பும் முன்னுரை. அதன் பின் விண்வெளி வீரனின் கொடுங்கனவாகக் கனத்த இசை. அடுத்து வரும் ஒரு பகுதியின் தலைப்பு, சூரியனின் உயிரற்ற ஒன்பது மகள்களைப் பற்றியது. அன்றைய கணக்கில் கோள்கள் ஒன்பது, புளூட்டோவையும் சேர்த்து. ஒன்பதும் உயிரற்றவை என்றால் பூமியும் அதற்குள் அடக்கம் என்றாகிறது. வீரன் இன்னும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் முடிவு அந்தத் தலைப்பிலேயே சொல்லப்பட்டுவிட்டதாகத்தான் நான் வாசிக்கிறேன்.

கனவு நெபுலா என்ற பகுதியை இரண்டாக வெட்டி, முதல் பாதியைத் தட்டின் முதல் பக்கத்துக் கடைசியிலும், மறு பாதியை இரண்டாம் பக்கத்துத் தொடக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் சராசரியாக இருபது, இருபத்திரண்டு நிமிட இசைதான் கொள்ளும். கேட்பவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். கதை அறுந்துபோகாமல் இருக்க, திருப்பிப் போட்ட பிறகும் அதே நெபுலாவுக்குள் அவரை நிறுத்துகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் கண்ணே கதையாகிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒரு பகுதியில் வீரனின் கண்கள் எரிகின்றன. பிறகு பார்வையின் வெறுமை, பிறகு கருவிழி, பிறகு உனக்குள்ளே பார் என்ற அழைப்பு, கடைசியில் மனத்தின் மரணம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்தவர்களுக்கு, இசையால் ஒரு பெருங்கதையை நீளமாகச் சொல்லும் முறை புதிதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டு, விடியும்போது துரியோதனன் படுகளத்தைப் பார்த்துவிட்டுக் கலையும் ஊர்கள் இவை. நெக்டரின் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாரதத்தின் சஞ்சயன்தான் நினைவுக்கு வருகிறான். குருட்சேத்திரத்தில் நடப்பதை இருந்த இடத்திலிருந்தே பார்க்க வியாசர் அவனுக்குப் பார்வை கொடுத்தார். அவன் அந்தப் பார்வையைக் கேட்டு வாங்கவில்லை. பார்த்ததை மாற்றவும் அவனால் முடியவில்லை. சொல்ல மட்டுமே முடிந்தது. ஆனால் சஞ்சயனுக்கு எதிரில் திருதராஷ்டிரன் உட்கார்ந்திருந்தான். கண் தெரியாவிட்டாலும் காது இருந்தது. நெக்டரின் வீரனுக்கு எதிரில் யாருமில்லை. சொல்வதற்கு ஊரே இல்லாத சஞ்சயன் அவன்.

இந்தத் தட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அறிவு கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தொழில் யுகத்தின் நம்பிக்கை. இவர்கள் தங்கள் நாயகனுக்கு அறிவை அள்ளிக் கொடுத்து, அதைப் பயன்படுத்த ஒருவரும் மிஞ்சாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

எட்டு வினாடி நாடா

வாத்தியங்களில் ஒன்றைப் பற்றி ஓசூர் வாசகர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். மெல்லோட்ரான். பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும் இது, உண்மையில் ஒரு பட்டறை அதிசயம். இங்கிலாந்தின் பொறியியல் நகரமான பர்மிங்காமில், ஸ்ட்ரீட்லி எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய பிராட்லி சகோதரர்கள் தயாரித்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடாத் துண்டு. அதில் உண்மையான வயலின் கூட்டமோ, புல்லாங்குழலோ, மனிதக் குரல்களோ ஒரே ஒரு சுரத்தில் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு சிறு ரோலர் நாடாவைச் சுழலும் தண்டோடு சேர்த்து அழுத்தும். நாடா ஓடும், ஹெட் அதைப் படிக்கும், ஒலி வரும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு வினாடிக்குத்தான். அதற்குமேல் அழுத்திப் பிடித்தாலும் ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். 1970-ல் வந்த எம் 400 மாடலில் முப்பத்தைந்து கட்டைகள், முப்பத்தைந்து நாடாக்கள்.

மோட்டார் சூடேறினால் சுரம் லேசாக வழுவும். ஈரக்காற்று பட்டால் நாடா முரண்டு பிடிக்கும். வாசிப்பவர் எட்டு வினாடிக்குள் ஒரு விரலை எடுத்து இன்னொரு விரலை வைத்தாக வேண்டும். இதனால் மெல்லோட்ரான் ஒலிக்கு ஒரு நடுக்கம் உண்டு. வயலின்தான், ஆனால் எங்கோ தொலைவில், நீருக்கடியில் வாசிக்கிற வயலின். ஃப்ரீமன் அதை வாசிக்கும்போது வேற்றுலகம் வந்துவிட்டது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒலியின் குறைபாடே விண்வெளியாக மாறிவிடுகிறது. இயந்திரத்தோடு பழகியவர்களுக்கு இது புரியும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு குணம் உண்டு. அதை அறிந்து ஓட்டுபவர்தான் நல்ல ஆபரேட்டர்.

ஆல்பிரைட்டனின் கிதார் இதற்கு நேர் எதிர். கரகரப்பும் எதிரொலியுமாகக் கனத்த ஒலி, கதையின் அச்சத்தை அதுதான் சுமக்கிறது. மூரின் பேஸும் ஹௌடனின் டிரம்ஸும் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகின்றன. இரவு விடுதிகளில் மணிக்கணக்கில் வாசித்த பழக்கம் இங்கே தெரிகிறது. ஒரு பகுதி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில் தையல் தெரியாது. அட்டையை வரைந்தவர் ஹெல்முட் வென்ஸ்கே, அடுத்து வந்த நெக்டர் தட்டுகளுக்கும் ஓவியம் தந்தவர்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வரிகள் எளியவை. சில இடங்களில் கதை மங்கலாகி, தலைப்புகளை வைத்துத்தான் பிடிக்க முடிகிறது. பாத்திரம் என்று பார்த்தால் அந்த வீரனுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் முதல் தட்டிலேயே இவ்வளவு பெரிய கதையைத் தூக்கிய துணிச்சல் அந்தக் குறைகளை மறக்கச் செய்கிறது.

பிறகு நடந்தது

அடுத்த ஆண்டு 'எ டேப் இன் தி ஓஷன்' வந்தது. 1973-ல் வெளியான 'ரிமெம்பர் தி ஃபியூச்சர்' அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தது. பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்கும், விண்ணிலிருந்து வந்த பறவை போன்ற ஓர் உயிருக்கும் இடையிலான நட்பு அதன் கதை. அந்தப் பறவையால் சிறுவன் பார்வை பெறுகிறான். பில்போர்டு பட்டியலில் 19-வது இடம் வரை அது ஏறியது. மறுபடியும் வேற்றுலகம், மறுபடியும் கண். முதல் தட்டில் பார்வை துயரமாக முடிந்தது. இரண்டு ஆண்டில் அதே குழு பார்வையை வரமாக மாற்றிக்கொண்டது. 1975-ல் 'ரீசைக்கிள்டு' வந்தது. இயற்கை வளம் தீர்ந்து, கழிவை மறுசுழற்சி செய்தே உயிர்வாழும் உலகம் அதன் பொருள். சுற்றுச்சூழல் என்ற சொல் பத்திரிகைகளில் அபூர்வமாக இருந்த காலத்தில் அவர்கள் அதைப் பாடினார்கள். ராய் ஆல்பிரைட்டன் 2016 ஜூலையில் காலமானார்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

நம் மண்ணில் 1971 எப்படி இருந்தது? சிகரெட் நிறுவனம் ஒன்று நடத்திய சிம்லா பீட் போட்டியில் வென்ற இந்தியக் குழுக்களின் பாட்டுகள் 1970-லும் 1971-லும் இசைத்தட்டாக வந்தன. மெட்ராஸ், பெங்களூர் குழுக்களும் அதில் உண்டு. ஆனால் அவை குறும்பாட்டுகள். ஒரு தட்டு முழுவதையும் தன் கதைக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நம் ராக் இளைஞர்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. ஒலிப்பதிவுக்கூடங்கள் திரைப்படத்தின் கையில் இருந்தன.

கற்பனையில் நாம் பின்தங்கியிருந்தோமா என்றால், இல்லை. நெக்டருக்கு எட்டு ஆண்டு முன்னாலேயே, 1963-ல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலையரசி' வெளிவந்தது. தங்கள் கோளில் இசைக்கலை இல்லை என்பதால் பூமிக்கு வந்து ஒரு பாடகியைத் தூக்கிப்போகும் வேற்றுலகத்தாரின் கதை அது. நெக்டரின் கதையில் வேற்றுலகம் மனிதனுக்கு ஞானம் தருகிறது. தமிழ்க் கதையில் மனிதரிடமிருந்து இசையைக் கற்க வேற்றுலகம் வருகிறது. இசையை நாம் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தோம் என்பதற்கு அந்தப் படம் சாட்சி.

அறிவியலிலும் பின்தங்கவில்லை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைக் கொட்டகைகளில்தான் யு.ஆர். ராவ் தலைமையில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் உருவானது. 360 கிலோ எடையுள்ள ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19-ல் விண்ணுக்குப் போனது. அதே பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு தமிழுக்கு அறிவியல் புனைகதையை வீட்டுப் பிள்ளையாக்கினார் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய் தமிழ் வீடுகளுக்குள் சுலபமாக நுழைந்தது. ஓசூரில் தயாரான டைட்டன் கடிகாரத்தின் விளம்பரத்தால், மோட்சார்ட்டின் 25-வது சிம்பொனி அவர் பெயர் தெரியாத வீடுகளிலும் மனப்பாடமானது.

கதை இருந்தது, அறிவியல் இருந்தது, மேற்கத்திய ஒலிக்குப் பழகிய காதும் இருந்தது. மூன்றையும் ஒரே தட்டில் சேர்க்கும் கை மட்டும்தான் அன்று தேவைப்பட்டது.

கேட்கும் முறை

இந்தத் தட்டைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். ஓசூர் பஸ் நிலையத்தில் ஏறி, அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி, சில்க் போர்டு போய்ச் சேரும் நேரத்தில் முழுக் கதையையும் கேட்டுவிடலாம். வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். முதல் முறை ஆர்கனைப் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை கிதார். மூன்றாம் முறை கதை தானாக வரும்.

நெக்டரின் முதல் தட்டு, அந்தக் குழுவின் மிகச் சிறந்த தட்டு அல்ல. அந்த இடம் 'ரிமெம்பர் தி ஃபியூச்சர்'-க்கு உரியது. ஆனால் முதல் அடியிலேயே ஒரு காலத்தின் அச்சத்தை முழுதாகச் சொன்ன ராக் தட்டுகளில் அதற்கு முன்வரிசை இடம் உண்டு என்பது என் முடிந்த தீர்ப்பு.

இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கிதாரும் கீபோர்டும் வைத்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அறையில் இருக்கும் ஒரு லேப்டாப், 1971-ல் ஸ்டோமெல்ன் ஒலிப்பதிவுக்கூடம் செய்த வேலையைச் செய்யும். மூன்று மொழி பேசும் ஊரில், கூத்து நடக்கும் மாவட்டத்தில், செயற்கைக்கோள் செய்யும் நகரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறீர்கள். வற்றும் ஏரியையும், இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஆலையையும் தினமும் பார்க்கிறீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். மூன்று நிமிடத்தில் அடங்காவிட்டால் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க நாங்கள் இருக்கிறோம்.

*(அடுத்த அத்தியாயம்: மெட்ராஸில் பிறந்து, பெங்களூரில் ஹியூமன் பாண்டேஜ் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பிறகு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனில் தவில் கற்று, 1980-ல் அதே கொலோன் நகரில் குடியேறிய ரமேஷ் ஷோத்தம்.)*